மழை வந்தால் குளியலறைக்குள் ஏறும் கழிவுநீர்: எங்கள் வீட்டு அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை என் மாமனார் 1978இல் கட்டியபோது, வாசலிலிருந்து தெருவுக்கு இறங்க மூன்று படிகள் இருந்தனவாம். இன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க இரண்டு படிகள் இருக்கின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடியும் மறுபடியும் சாலை போட்டதன் விளைவு இது என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பிடித்தால் எங்கள் குளியலறைத் துளை வழியே கறுப்பு நீர் கொப்பளித்து ஏறுவதற்கும் அதுவே காரணம் என்பது புரிய எங்களுக்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

அதுவரை அடைப்பு என்றே நினைத்தோம். புகார் கொடுப்போம், அழுத்தமாக நீர் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் ராடிங் லாரி வரும், அடித்துவிட்டுப் போகும், அடுத்த மழைக்கு மீண்டும் ஏறும். லாரி வரத் தாமதமான ஒரு நாளில், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் உள்ளே இறங்கி எடுத்துவிடுவதாக ஒருவர் வந்து நின்றார். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அந்தக் குழிக்குள் இறங்கும்படி சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் வேறு வேலைக்காக வந்த மேஸ்திரி. தண்ணீர் நிரப்பிய நீண்ட டியூபின் ஒரு முனையைத் தெரு மேன்ஹோல் மூடி அருகிலும் மறுமுனையைக் குளியலறைச் சுவரிலும் பிடித்துப் பார்த்து, எங்கள் தரை மூடியைவிட 14 அங்குலம் தாழ்ந்திருப்பதாகச் சொன்னார். தெருக்குழாய் நிரம்பினால், கழிவுநீர் மூடி வரை உயர்வதற்கு முன்பே, அதைவிடத் தாழ்வான வாய் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியேறிவிடும். பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு என்றாலும், தெருவில் நீர் தேங்கியதும் யாராவது கம்பியால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுகிறார்கள்; மழைநீரும் சாக்கடைக்குள் இறங்கிவிடுகிறது. அவர்களைத் திட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு தலைகுனிவும் காத்திருந்தது: 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிக்குப் போக வேண்டிய எங்கள் மாடிக் குழாய், வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டியான சேம்பரில்தான் விழுந்துகொண்டிருந்தது. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும்.

குழாயைத் திருப்பிவிட்டு, கடைசிச் சேம்பருக்கும் தெருவுக்கும் இடையில், நீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்திய பிறகு இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. இதே தொல்லை உள்ளவர்கள் முதலில் இரண்டு மூடிகளையும் பாருங்கள். வீட்டுச் சேம்பர் நிரம்பித் தெரு மேன்ஹோல் காலியாக இருந்தால் அடைப்பு உங்கள் குழாயில். இரண்டும் நிரம்பியிருந்தால் கோளாறு தெருவில்.

*

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். மாம்பலத்து அம்மையார் சொன்ன வால்வை எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பிலும் வைத்தோம். ஆனால் முதல் மழையிலேயே முன்பைவிட மோசமாயிற்று. தெரு நீர் உள்ளே வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் வால்வு மூடியிருந்த நேரத்தில் மாடிக்காரர்கள் குளித்ததும் துவைத்ததும் வெளியேற வழியின்றித் தரைத்தளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றன. பிறகு, தரைத்தளக் குழாயைத் தனியாகப் பிரித்து அதில் மட்டும் வால்வை வைத்து, மாடிக் குழாய்களை வால்வைத் தாண்டிய சேம்பரில் சேர்த்தோம். செலவை யார் ஏற்பது என்பதில் சங்கக் கூட்டம் மூன்று முறை கலைந்தது தனிக் கதை.

*

வேளச்சேரி அனுபவம் ஒன்று. வீட்டுக்குள் ஏறிய நீரைக் கழுவித் தள்ளிய நாங்கள் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பை மறந்துவிட்டோம். அதன் மூடி தரைமட்டத்தில் இருந்ததால் கழிவுநீர் அதற்குள்ளும் இறங்கியிருந்தது. மோட்டாரைப் போட்டதும் மேல்தொட்டியும் கெட்டது. முழுவதையும் இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி மீண்டும் இறைக்க வேண்டியதாயிற்று. இப்போது சம்ப்பின் வாயை ஓர் அடி உயர்த்திக் கட்டியிருக்கிறோம்.

*

பெரம்பூர் அன்பருக்கு, மாம்பலத்திலிருந்து: எங்கள் வீட்டுக்கு மேல் குடித்தனம் இல்லாததால் அந்தச் சிக்கலை நான் யோசிக்கவே இல்லை. வால்வின் நாக்கில் முடியும் துணியும் சிக்கினால் அது சரியாக மூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் திறந்து கழுவிவிடுவோம். சென்ற முறை அதில் சிக்கியிருந்தது ஒரு ஷாம்பு உறை.