உங்களை உள்ளே இழுத்துப் போட்ட ஒலிப்பதிவு எது? அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், சோல் இசை கேட்பவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் மார்ச் மாதக் கடைசியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி பதினொரு மணி என்பது அங்கே சாயங்காலம் மாதிரி. 2016ல் அப்படி ஒரு ராத்திரி, ஒரு கட்சிக்காரரின் கணக்கு எழுநூறு ரூபாய் இடித்துக்கொண்டு டேலி ஆகவே மாட்டேன் என்கிறது, காதில் நான் போட்ட பாட்டு எப்போதோ முடிந்து யூடியூப் தன் இஷ்டத்துக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இரண்டு கிடார். ஒருவர் அடித்தந்தியில் டும் டும் என்று விடாமல் நடை போட, இன்னொருவர் மேலே மெட்டு வாசிக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒரு குரல், பாடுகிறாரா, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறாரா என்றே தெரியாத குரல்.

பெயரைப் பார்த்தால் மிசிசிப்பி ஜான் ஹர்ட், 1928. ஆளும் ஒருவர்தான், கிடாரும் ஒன்றுதான். கட்டைவிரல் தன்பாட்டுக்கு அடித்தந்திகளைப் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெட்டைப் பார்த்துக்கொள்கின்றன. எழுநூறு ரூபாயை மறந்துவிட்டு அவர் கதையைத் தேட ஆரம்பித்தேன்.

அந்த வருடம் மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் ஒகே இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடியிருக்கிறார். தட்டுகள் பெரிதாகப் போகவில்லை, அடுத்த வருடமே பொருளாதாரம் விழுந்தது, மனிதர் ஊருக்குத் திரும்பி வயல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடம்! நியூயார்க்கில் ஊர் நினைப்பு வந்து பாடிய ஒரு பாட்டில் தன் சொந்த ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். 1963ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அதைக் கேட்டுவிட்டுப் பழைய அட்லஸ் ஒன்றில் அந்த ஊரைக் கண்டுபிடித்து, காரை எடுத்துக்கொண்டு நேரே போய் விசாரித்தால், ஆள் அங்கேயேதான் இருக்கிறார். போலீஸ்தான் தேடி வந்துவிட்டது என்று முதலில் பயந்தாராம். அந்த வருடமே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடை, புது ஒலிப்பதிவுகள், கல்லூரிக் கச்சேரிகள். 1966ல் இறந்துவிட்டார். மூன்றே வருடம்.

1960களில் பதிவான ஆல்பங்கள் கேட்கத் தெளிவாக இருக்கும். எனக்கு 1928தான். கணக்கு மறுநாள் காலையில் டேலி ஆனது, வங்கிக் கட்டணத்தை யாரோ இரண்டு தடவை ஏற்றியிருந்தார்கள்.

* * *

நான் சித்திரவீணை கற்றுக்கொள்கிறவன், பன்னிரண்டு வருடமாக, இன்னும் "கற்றுக்கொள்கிறவன்"தான். என்னுடையது பிளைண்ட் வில்லி ஜான்சன். 1927 டிசம்பர் 3, டல்லாஸ், கொலம்பியா கம்பெனி. 'டார்க் வாஸ் த நைட்' என்று தொடங்கும் பெயர் உள்ள அந்தப் பதிவில் பாட்டு வரி ஒன்றுகூடக் கிடையாது. முனகுகிறார், ஹம் செய்கிறார், கிடார் அதற்குப் பதில் சொல்கிறது, சில இடங்களில் குரல் விட்ட இடத்தைத் தந்தி முடித்து வைக்கிறது. மூன்று நிமிடம் சொச்சம்தான்.

தந்தி மேல் ஒரு பொருளை வைத்து நகர்த்தி வாசிக்கும் கைக்குத்தான் இது முதலில் உறைக்கும். சித்திரவீணையில் விரல் வைக்கிற மெட்டுக் கட்டைகள் எதுவும் கிடையாது, தந்தி மேல் நகர்த்துகிற கட்டையை எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் ஸ்வரம், ஒரு நூல் தவறினால் அபஸ்வரம். இவருடைய காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம் இருக்கிறதே, அது தாழ்ந்த சாதாரண காந்தாரத்திலும் நிற்கவில்லை, உயர்ந்த அந்தர காந்தாரத்திலும் நிற்கவில்லை, நடுவே ஓர் இடத்தில் போய் உட்காருகிறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். தெரியாமல் விழுவதில்லை என்று அர்த்தம். இது எந்த ராகம் என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள், யூடியூப் கமெண்டில் ஏற்கெனவே இருநூறு பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வாத்தியாரிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொரு தரம் போடு" என்றார். மூன்றாவது தரம் முடிந்ததும், "இவருக்குக் கண் தெரியாதோ?" என்று கேட்டார். நான் பெயரையே சொல்லியிருக்கவில்லை.

1977ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்தப் பதிவும் இருக்கிறது, அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. வாயேஜர் 1 இப்போது 2400 கோடி கிலோமீட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. வில்லி ஜான்சன் 1945ல் டெக்சாஸில் பியூமான்ட் என்ற ஊரில் இறந்தார். வீடு எரிந்துபோன பிறகு வேறு போக்கிடம் இல்லாமல் அந்த எரிந்த வீட்டிலேயே ஈரப் படுக்கையில் படுத்துக் காய்ச்சல் கண்டது என்று அவர் மனைவி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒன்று, அவரை ப்ளூஸ் பாடகர் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். பாடியதெல்லாம் தேவனுடைய பாட்டு.

* * *

எனக்கு இந்தக் கரகர சத்தமெல்லாம் தாங்காது அண்ணே, நான் சோல் ஆள். சார்ல்ஸ் பிராட்லியை முதலில் கேட்டபோது 1968 பதிவு என்று அடித்துச் சொன்னேன், நண்பனிடம் பிரியாணி பந்தயமும் கட்டினேன். 2011. பிரியாணி போனது.

தோற்றதற்கு என் காது மட்டும் காரணம் இல்லை. புரூக்ளினில் டாப்டோன் என்று ஒரு சின்ன கம்பெனி, ஒரு பழைய வீட்டையே ஸ்டுடியோ ஆக்கி எட்டு டிராக் டேப்பில் பதிவு செய்கிறவர்கள். டிரம்ஸ், பித்தளை வாத்தியங்கள் எல்லாம் பழைய முறையில், ஒரே அறைக் காற்றில் கலந்து கேட்கும். பிராட்லி பதினாலு வயதில் அப்பல்லோ தியேட்டரில் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்துவிட்டு ஆயுசு பூராவும் அந்தப் பைத்தியத்தோடே இருந்தவர். சமையல் வேலை, எடுபிடி வேலை, ராத்திரியில் விக் வைத்துக்கொண்டு ஜேம்ஸ் பிரவுன் மாதிரி மேடை ஏறுவது. முதல் ஆல்பம் வந்தபோது வயது 62. அதே கம்பெனியின் ஷாரன் ஜோன்ஸ் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலில் காவலராக இருந்தவர். குட்டை, குண்டு, ரொம்பக் கறுப்பு, வயசும் ஆகிவிட்டது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம். அவருடைய பக்கவாத்தியக் குழுவான டாப் கிங்ஸ்தான் ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் பாதிக்கு மேல் வாசித்திருக்கிறது. ஆகவே நீங்களும் அவர்களைக் கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

ஷாரன் ஜோன்ஸ் 2016ல், பிராட்லி 2017ல் இறந்துவிட்டார்கள், இரண்டு பேருக்கும் புற்றுநோய். இவர்களுடைய தட்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சுங்கவரியும் கட்டி, மூன்று வாரம் காத்திருந்து, ஐப்பசி மழையில் வந்து சேர்ந்தது. பிரித்தால் தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. பணம் திரும்ப வரவில்லை, அந்தக் கதை வேண்டாம்.

* * *

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். நான் இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மம்மா இடக்கையால் ஒரு வாய் சாப்பிட விட மாட்டா, எழுதவும் விட மாட்டா. ரொறன்ரோவுக்கு வந்து கிற்றார் பழகப் போனபோது, முதலில் வலக்கையால் பிடிக்கச் சொன்னார்கள், பிறகு தந்திகளை மாற்றிக் கட்டினார்கள், இரண்டும் சரிவரவில்லை, விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து ஒரு கோடை காலம், பக்கத்துத் தெருவில் வீடு மாறிப் போகிறவர்கள் வாசலில் சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு டொலருக்கு ஒரு ரெக்கோர்ட் எடுத்தேன், எலிசபெத் கொற்றன். பாட்டு பிடித்தது, அவ்வளவுதான். பிறகொருநாள் அவ வாசிக்கிற வீடியோ பார்த்தேன். கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறா! தந்தி எதையும் மாற்றவில்லை, வலக்கைக்காரருடைய கிற்றாரை அப்படியே திருப்பிப் பிடித்து, அடித்தந்தியை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசிக்கிறா. இங்கே முதலில் எழுதியவர் சொன்ன ஜோன் ஹர்ட் செய்வதற்கு நேர் மறுபக்கம்.

அவவின் கதை இன்னும் நம்ப முடியாதது. வோஷிங்ரனில் ஒரு பெரிய கடையில் வேலை செய்கிறபோது, அம்மாவைத் தவறவிட்டு நின்ற ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறா. அது பெகி சீகர். இசைக் குடும்பம். பிறகு அந்த வீட்டிலேயே வேலைக்குப் போனா. சமைத்துக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவ ஒருநாள் சுவரில் தொங்கின கிற்றாரை எடுத்து வாசிக்க, வீட்டுக்காரர் திகைத்துப் போனார்கள். பதினொரு, பன்னிரண்டு வயதில் நோர்த் கரோலைனாவில் வீட்டுக்குப் பக்கத்தால் போகிற ரயிலைக் கேட்டுக் கேட்டுக் கட்டின பாட்டு அது. இடையில் எத்தனையோ வருடம் கிற்றாரையே தொடவில்லை. 1957ல் இங்கிலாந்தில் அந்தப் பாட்டு பெரிய ஹிற், எழுதியவர் என்று போட்டிருந்தது வேறு ஆட்களின் பெயர். அவவின் முதல் ஆல்பம் 1958ல், 65 வயதில். கிராமி விருது கிடைத்தது 1985ல், 92 வயதில்.

நான் நிலவறையில் கிடந்த கிற்றாரை எடுத்துத் திருப்பிப் பிடித்தேன். அம்மம்மா இருந்திருந்தால் ஏசியிருப்பா.

* * *

சோல் தம்பிக்கு: கரகர சத்தம் தாங்காது என்றால் பாராமவுண்ட் கம்பெனியின் பழைய இசைத்தட்டுகள் பக்கமே வந்துவிடாதீர்கள். விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. கிராமபோன் பெட்டி செய்ய ஆரம்பித்து, பெட்டி விற்க வேண்டுமே என்று தட்டும் போட்டது. மட்டமான அரக்கு (ஷெல்லாக்), மலிவான வேலை. ஆனால் சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ், கீஷி வைலி எல்லாரும் கிராஃப்டன் ஊரில் அந்த நாற்காலிக்காரர்களிடம் வந்துதான் பாடினார்கள். ஸ்கிப் ஜேம்ஸின் 1931 பதிவை முதலில் கேட்டபோது வடை பொரிகிற சத்தம்தான் கேட்டது, எண்ணெய் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் உள்ளே இருந்து அந்தக் கீச்சுக்குரல் வந்தது. பயந்துவிட்டேன், பொய்யில்லை. மனிதரை 1964ல் டுனிகா ஊர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள்.

அசல் தட்டு வாங்குகிற ஆசை யாருக்காவது இருந்தால்: அதே கம்பெனியின் டாமி ஜான்சன் தட்டு ஒன்று 2013ல் இபேயில் 37,100 டாலருக்குப் போனது. அன்று நாற்காலிக் கடையில் அதன் விலை ஒரு டாலர்கூட இல்லை. நாம் நெட்டில் கேட்டுக்கொள்வோம்.

* * *

எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், நான் உயிரோடு இருப்பவரைச் சொல்கிறேன். தாம்பரம் மின்சார ரயிலில் நின்றபடி ஒரு ஆல்பத்தைத் தட்டினேன், பெயர் '662'. ஏதோ பைக் மாடல் என்று நினைத்தேன். வட மிசிசிப்பியின் போன் ஏரியா கோடாம்! நம் ஊரில் ஒருவர் '044' என்று ஆல்பம் போட்டது போல. கிறிஸ்டோன் கிங்ஃபிஷ் இங்கிராம், கிளார்க்ஸ்டேல்காரர், 1999ல் பிறந்தவர், என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். அந்த ஆல்பத்துக்கு 2022ல் கிராமி. கிடார் சோலோ ஒன்று தொடங்கும்போது குரோம்பேட்டை, முடியும்போது நான் இறங்க வேண்டிய மீனம்பாக்கம் போய் பழவந்தாங்கல்.

அங்கிருந்து செட்ரிக் பர்ன்சைடு. தாத்தா ஆர்.எல். பர்ன்சைடுக்குச் சின்ன வயதிலேயே டிரம்ஸ் வாசிக்கப் போனவர். மலைப்பக்கத்து ப்ளூஸ் என்கிறார்கள், கிடாரில் சேர்த்து மீட்டுகிற ஸ்வரக் கூட்டு (கார்ட்) பெரும்பாலும் மாறவே மாறாது, ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி வரும். முதல் தடவை சலிப்பாக இருந்தது. மூன்றாவது தடவை நிறுத்த முடியவில்லை.

* * *

முதலில் எழுதியவன். தம்பி சொன்னதும் நியாயம்தான், ஆனால் என் கணக்கில் போய்ச் சேர்ந்தவர்களும் புது ஆல்பம் போடுகிறார்கள். 1964ல் ரோச்செஸ்டர் நகரத்தில் சன் ஹவுஸைக் கண்டுபிடித்தபோது அவர் வாசிப்பதையே விட்டு வருடக்கணக்காகியிருந்தது. ஆல் வில்சன் என்ற இளைஞர் கூட உட்கார்ந்து, அவருடைய பழைய தட்டுகளில் இருந்த பாட்டுகளை அவருக்கே திரும்ப நினைவுபடுத்தினார். அந்த வருடக் கடைசியில் இண்டியானாவில் ஒரு கல்லூரியில் பாடியதை டேப்பில் பிடித்திருக்கிறார்கள். அது ஆல்பமாக வந்தது 2022ல். மறு வருடம் ஸ்டுடியோவில் எடுத்ததைவிட இதில் கை மெதுவாகப் போகிறது, குரல் தயங்குகிறது, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஸ்காபரோ சகோதரி, இப்போது எந்தக் கையில் வாசிக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே?

* * *

இடக்கைதான், தலைகீழாய்த்தான். அந்த ரயில் பாட்டு மட்டும் வருகுது, அதுவும் பாதி வேகத்தில்.

* * *

சோல் ஆள் மறுபடியும். இதையெல்லாம் படித்துவிட்டு அந்த அப்பளத் தட்டைத் திரும்ப எடுத்துப் போட்டேன். ஊசி படகு மாதிரி ஏறி இறங்குகிறது, ஓரத்துப் பாட்டு இரண்டு தாவுகிறது. மூன்றாவதிலிருந்து முழுசாக ஓடுகிறது.