நீச்சல் தெரியாது. அலாஸ்காவில் பனியாறு பார்க்கக் கயாக்கில் போகலாமா?

கரையிலிருப்பவள்:

வணக்கம். எனக்கு வயது 56. மகள் ஆங்கரேஜில் வேலை பார்க்கிறாள். ஜூலை இரண்டாம் வாரம் அவளிடம் போகிறேன். சூவர்ட் என்ற துறைமுக ஊரிலிருந்து அயாலிக் விரிகுடாவுக்கு ஒருநாள் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகு) பயணம் கூட்டிப்போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வழிகாட்டி கூடவே வருவாராம், முன் அனுபவம் தேவையில்லையாம். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு படிவம் வந்தது. குளிர்ந்த நீரில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பது எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதைப் படித்த நாளிலிருந்து தூக்கம் சரியில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. வலது முழங்கால் மடக்கினால் பேசும். பேருந்தில் போனாலே குமட்டும். இன்னொன்று, கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, பத்து மணி நேரப் பயணத்தில் கழிப்பறைக்கு என்ன செய்வது? மகளிடம் கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்கிறாள். போய் வந்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:

அம்மா, எதற்கு இந்தப் பாடு? சூவர்ட் துறைமுகத்திலிருந்து பெரிய சுற்றுலாப் படகுகள் தினமும் போகின்றன. கண்ணாடி ஜன்னல், சூடான காபி, உள்ளேயே கழிப்பறை. அதே பனியாறு, அதே திமிங்கலம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போடப் பயமாக இருந்தால் போடாதீர்கள், அவ்வளவுதான்.

மழைக்கோட்டு:

அக்கா, நான் போன ஜூலையில் இதே பயணம் போனேன், வீட்டுக்காரரோடு. எனக்கு 49. எனக்கும் நீச்சல் சுமார்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படிவம். அதில் எழுதியிருப்பது உண்மை. பனியாறு கரைந்து கலக்கும் தண்ணீர், உறைநிலைக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும். எங்கள் வழிகாட்டி கரையிலேயே ஒரு கணக்குச் சொன்னாள்: 1, 10, 1. அப்படிப்பட்ட நீரில் விழுந்தால், திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதில் நீச்சல் எங்கே வருகிறது பாருங்கள். நன்றாக நீந்துகிறவருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு கை எழும்பாது. மிதக்க வைப்பது லைஃப் ஜாக்கெட். அதனால் உங்கள் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியுமா என்பதல்ல, லைஃப் ஜாக்கெட்டின் வார் இறுக்கமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தோள்பட்டையில் பிடித்து யாராவது மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக்கூடாது. எனக்கு ஏறியது, மறுபடி கட்டிவிட்டாள்.

கவிழுமா என்றால், அவர்கள் தருவது இருவர் உட்காரும் அகலமான கயாக். நாங்கள் எட்டுப் பேர், நான்கு படகு. ஒருவரும் கவிழவில்லை. இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை மாதிரி ஒன்று மாட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் பொருத்திவிடுவார்கள், உள்ளே தண்ணீர் புகாமலிருக்க. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது, சிக்கிக்கொண்டால்? முன்னால் ஒரு வளையம் தொங்கும். அதை முன்பக்கமாக இழுத்தால் பாவாடை கழன்றுவிடும். கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னாள். நீங்கள் ஐந்து தடவை இழுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வளையம் பாவாடைக்கு உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வெளியே இருக்க வேண்டும், அதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குமட்டல்: கயாக்கில் எனக்கு வரவில்லை. அங்கே போய்ச் சேரும் படகில்தான் வரும். சூவர்டிலிருந்து அயாலிக் முனையைச் சுற்றி வர வேண்டும். அந்த இடத்தில் அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடல். எங்களுக்குப் போக மட்டும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. நான் மருத்துவரைக் கேட்டு முந்தின இரவே மாத்திரை போட்டேன், காலையில் இன்னொன்று. எங்கள் வீட்டுக்காரர் "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். பாறைமேல் கடற்சிங்கங்கள் கூட்டமாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்தபோது எல்லோரும் ஒரு பக்கம் கேமராவோடு நின்றார்கள். இவர் மறுபக்கம் வாளியோடு நின்றார்.

உடை: பருத்தி ஒன்றுகூட வேண்டாம், உள்ளாடை உட்பட. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை நூல். மேலே மழையுடை, காலில் ரப்பர் பூட்ஸ், இரண்டையும் அவர்களே தருவார்கள். இங்கேதான் உங்கள் வெட்கக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தோளில் வார் போட்ட முழுக் கால்சட்டை கொடுத்தால் வாங்காதீர்கள். சட்டை தனி, கால்சட்டை தனி என்று கேளுங்கள். போகும் படகில் கழிப்பறை இருந்தது, கயாக்கில் ஏறுமுன் ஒரு தடவை போய்விடலாம். மதியம் சாப்பிடக் கரையேறும்போது ஒரு பெரிய பாறையைக் காட்டி "பெண்கள் அந்தப் பக்கம்" என்பாள். நான் வார் வைத்ததைப் போட்டிருந்தேன். லைஃப் ஜாக்கெட், பாவாடை, மேல்சட்டை, அப்புறம் வார் என்று ஒவ்வொன்றாக மழையில் நின்று கழற்றினேன். இதை எந்த நிறுவனமும் எழுதி வைக்காது.

துடுப்பு வலித்தால் கை வலிக்கும் என்று நினைத்திருந்தேன். கை வலித்தால் தப்பாக வலிக்கிறீர்கள் என்று அர்த்தமாம். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப வேண்டும், கை சும்மா பிடித்துக்கொண்டால் போதும். முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் அதற்கு ஒத்துப் போக வேண்டும். சுக்கான் பின்னால் இருப்பவரின் காலில். இந்த இருவர் கயாக்குக்கு விவாகரத்துப் படகு என்று கேலிப்பெயர் உண்டு. முதல் அரை மணி நேரத்தில் காரணம் புரிந்தது.

இப்போது பனியாறு. ஜன்னலோரம் சொன்னதில் பாதி சரி, பனியாறு அதேதான். ஹார்டிங் பனிவெளி என்று மேலே ஏறக்குறைய 1,800 சதுர கிலோமீட்டருக்குப் பனி கிடக்கிறது. அதிலிருந்து நாற்பது பனியாறுகள் வரை இறங்குகின்றன. சில நேராகக் கடலில் வந்து முடிகின்றன, அயாலிக் அப்படி ஒன்று. ஆனால் எஞ்சின் ஓடும் படகில் இருந்தால் காது இல்லாமல் பார்க்கிற மாதிரி. கயாக்கில் துடுப்பை மடியில் வைத்துவிட்டால், சுற்றி மிதக்கும் பனித்துண்டுகள் ஒவ்வொன்றும் படபடவென்று வெடிப்பது கேட்கும், சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி. பனிக்குள் நெடுங்காலம் அடைபட்டிருந்த காற்றுக்குமிழிகள் உடைகிற சத்தம் அது.

பனியாற்றின் முகப்பிலிருந்து அரை மைல் தள்ளியே வழிகாட்டி நிறுத்திவிட்டாள். எனக்கு ஏமாற்றம். இவ்வளவு செலவழித்து, மூன்று மணி நேரம் குலுங்கி வந்து, இவ்வளவு தூரத்திலா? ஒருவர் கேட்டே விட்டார், இன்னும் கொஞ்சம் போகலாமே என்று. அவள் சிரித்தாளே தவிர நகரவில்லை. அப்போது நீலச் சுவரிலிருந்து ஒரு பிடி சர்க்கரை உதிர்வது போல் ஏதோ உதிர்ந்தது. சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணியிருப்பேன், அதற்கு அப்புறம்தான் இடி. நெஞ்சுக்குள் இறங்கியது. கண்ணுக்கும் காதுக்கும் இடையில் அத்தனை தூரம்! அந்த ஒரு பிடி சர்க்கரை, அவள் கணக்கில், ஒரு வீடு அளவு. கொஞ்ச நேரம் கழித்து அலை வந்தது. எல்லோரும் படகின் மூக்கை அலைப் பக்கம் திருப்பினோம். ஆழத்தில் அது வெறும் மேடு, ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விட்டது. கரையில்தான் அது உடைந்து அடிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது கயாக்குகளை மணலில் வெகு தூரம் மேலே தூக்கி வைக்கச் சொன்னதும் அதற்குத்தான். அதன் பிறகு யாரும் கிட்டே போகலாம் என்று கேட்கவில்லை.

இன்னொன்று, சீல்கள். (தமிழில் சீலையும் கடல்நாய் என்கிறோம், நீர்நாயும் கடலில் மிதக்கிறது, குழப்பம். அதனால் சீல் என்றே எழுதுகிறேன்.) பனித்துண்டுகள்மேல் தாயும் குட்டியுமாகக் கிடந்தன. பெரிய படகுதான் அவற்றுக்குத் தொந்தரவு, நாம் சத்தமில்லாமல் போகிறோம் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். தலைகீழ் என்றாள் வழிகாட்டி. எஞ்சின் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். நாமோ தாழ்வாக, ஓசையில்லாமல், நேராகப் போகிறோம். வேட்டைக்கு வரும் மிருகமும் அப்படித்தானே வரும்? சீலை வேட்டையாடும் ஓர்கா திமிங்கலத்திடமிருந்து தப்பத்தான் அவை பனிமேல் ஏறுகின்றன. பயந்து தண்ணீரில் குதித்தால் குட்டி பால்குடியை விட்டுக் குளிரில் சக்தியை இழக்கும். ஒரு சீல் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அவ்வளவுதான், "பின்னால் துடுப்புப் போடுங்கள்" என்று நான்கு படகையும் திருப்பிவிட்டாள். என்னிடம் அந்தக் குட்டியின் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. ஒரு சாம்பல் புள்ளி இருக்கிறது.

நீர்நாய்கள் மட்டும் வேறு ரகம். மல்லாந்து மிதந்தபடி, வயிற்றையே மேசையாக்கி நண்டு உடைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குச் சீல் மாதிரி கொழுப்புப் படலம் கிடையாது. ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சத்துக்கு மேல் முடி, அதுதான் கம்பளி. அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். அந்த வேட்டையைத் தடுத்த 1911 சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மீண்டன.

கரையிலிருப்பவள்:

தங்கச்சி, நெஞ்சார நன்றி. வார் வைத்த கால்சட்டை விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். முழங்காலைப் பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, மகள் கேட்கிறாள், பயமாக இருந்தால் சூவர்டிலேயே அரைநாள் கயாக் இருக்கிறதாம். அது போதுமா?

தனித்துடுப்பு:

நான் அரைநாள் போனவன். முழங்காலுக்கு முதலில்: கயாக்கில் காலை மடக்கி உட்கார வேண்டாம், நீட்டி, லேசாகத் தளர்த்தி வைக்கலாம். கால் வைக்கும் மிதியை உயரத்துக்கு ஏற்ப நகர்த்தித் தருவார்கள். ஏறி இறங்கும்போதுதான் மடக்க வேண்டிவரும். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், படகைப் பிடித்துக்கொள்வார். பின்சீட்டில் சுக்கானை மிதிக்க வேண்டியிருக்கும், முன்சீட்டு கேளுங்கள். மீனவர் பேச்சில் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். நீங்கள் அணியத்தில் இருங்கள்.

அரைநாள் என்றால் லோவெல் பாயின்ட் கரையிலிருந்து ரிசரக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே. படகு ஆட்டம் இல்லை, மாத்திரை வேண்டாம். ஆனால் இடிந்து விழும் பனியாறு கிடையாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கழுகு உண்டு, நீர்நாய் உண்டு, டான்சீனா ஓடைப்பக்கம் சால்மன் துள்ளும். எனக்குப் பிடித்தது வேறு. கரையில் வெள்ளை வெளேரென்று பட்டுப்போன மரங்கள் நிற்கும். 1964 மார்ச் 27-ல் 9.2 அளவில் நிலநடுக்கம் வந்ததே, அப்போது நிலமே கீழே இறங்கிவிட்டது. வேருக்கு உப்புநீர் ஏறி நின்றவாக்கிலேயே செத்த மரங்கள். இன்னும் விழவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தோம்.

எதற்குப் போனாலும் கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று கெட்டால் அயாலிக் படகு கிளம்பாது. எனக்கு அப்படித்தான் ரத்தானது, அதனால்தான் அரைநாள்.

ஜன்னலோரம்:

காது இல்லாமல் பார்த்தேன் என்று சொல்லிவிட்டீர்களே! எங்கள் படகிலும் பனியாற்றுக்கு முன்னால் எஞ்சினை நிறுத்தினார்கள், இடிச் சத்தம் கேட்டது. கடுகு கேட்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே குழந்தைகள் சத்தம்.

மழைக்கோட்டு:

மன்னிக்கவும், கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்லிவிட்டேன். காபிக்காக அன்றைக்கு உங்கள் படகைப் பொறாமையோடு பார்த்தேன் என்பதும் உண்மை.

கரையிலிருப்பவள்:

எல்லோருக்கும் நன்றி. படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அயாலிக்தான், 14-ஆம் தேதி. 15-ஐச் சும்மா வைத்திருக்கிறோம். மகள் அமரம், நான் அணியம். தாளம் என்னுடையது என்று சொன்னதற்கு "அப்போ மெதுவாத்தான் போவோம்" என்கிறாள். மழையுடை சட்டை தனி, கால்சட்டை தனியாகக் கிடைக்குமா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதினாள். இன்னும் பதில் வரவில்லை.