புதுப்பிப்பு: தம்பியின் கை நரம்பும் குருத்தணு ஊசியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே செம்பனைக் குலை வெட்டும்போது அரிவாள் பட்டு என் தம்பியின் முன்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்பு அறுந்ததையும், தனியார் கிளினிக் ஒன்றில் குருத்தணு (stem cell) ஊசி போட்டால் விரல்கள் பழையபடி ஆகிவிடும் என்று உறுதி கூறியதையும் முன்பு எழுதி, போடலாமா என்று கேட்டிருந்தேன். போடவில்லை.

அதற்குப் பதிலாக அறுவை சிகிச்சையில், கெண்டைக்காலிலிருந்து சூரல் என்ற உணர்வு நரம்பை எடுத்துக் கையில் ஒட்டியிருக்கிறார்கள். அதன் விலையாகப் பாதத்தின் வெளியோரம் மரத்துவிட்டது. சிலிப்பர் கடிப்பதுகூட அவனுக்குத் தெரிவதில்லை.

அறுந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதற்கு வழிகாட்டும் ஷ்வான் அணுக்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வலுவிழக்க, உள்ளங்கைத் தசைகளும் சூம்பிப்போவதுதான் உண்மையான இடர். கொழுப்பிலிருந்து எடுக்கும் குருத்தணுக்களை ஷ்வான் அணுக்களைப் போல மாற்றி, அறுந்த முனைகளை இணைக்கும் குழாயில் வைக்கும் ஆய்வுகள் இந்தக் குறையைக் குறிவைத்தே நடக்கின்றன. அந்த அணுக்கள் தாமே நரம்பாகிவிடுவதில்லை. அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளே பெரும்பாலும் வேலை செய்வதாகத் தெரிகிறது. நல்ல முடிவுகளில் பெரும்பகுதி எலியின் தொடை வழியாக ஓடும் சயாட்டிக் நரம்பில் கிடைத்தவை. எலியின் காலும் குலை வெட்டுகிறவனின் கையும் ஒரே நீளமா என்ன?

மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே தட்டினால் இப்போது சுண்டுவிரலில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதாம். சென்ற மாதம் பேனாவால் குறித்துவைத்த இடம் இதற்கும் இரண்டு விரற்கடை மேலே இருந்தது; நரம்பிழை அவ்வளவு கீழே வளர்ந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.