மறு: துருநீக்கி, துருமாற்றி – இரண்டுக்கும் பதிலாக "துருப்பதனம்"

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பகலில் வேலை, இரவில் ஜீப்புக்கு அடியில் படுத்துச் சுரண்டல், அதனால் பதில் எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. நம் குழு தமிழில் போடும் வண்டிப் பட்டறைக் கையேட்டில் "ரஸ்ட் கன்வெர்ட்டர்" என்பதற்கு நேராக எந்தச் சொல்லைப் போடுவது என்பது கேள்வி. துருவின் மேல் பூசினால் அதைக் கறுப்பாக்கி இறுக்கிவிடுமே, அந்தத் திரவம். இதுவரை வந்த பரிந்துரைகள் துருநீக்கி, துருமாற்றி. இரண்டையும் மறுக்க எனக்குக் காரணம் இருக்கிறது, முதல் சொல்லின் மேல் கோபமும் இருக்கிறது.

> கடைகளில் துருநீக்கி என்றே புட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். மக்கள் பழகிய சொல்லை நாம் ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல்லை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான் ஐயா. ஆனால் துருநீக்கி என்று படித்தவர் என்ன செய்வார்? துரு தெரிந்த இடத்தில் எல்லாம் பூசுவார், நீங்கிவிட்டது என்று நம்புவார். நான் அதைத்தான் செய்தேன்.

ஜீப் என் மாமாவுடையது, 1989 மாடல் மகிந்திரா. இராமேசுவரம் தீவில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டி. 2017இல் அரிச்சல்முனைச் சாலை திறப்பதற்கு முன் அங்கே போனவர்களுக்குத் தெரியும், பாதை என்று ஒன்று கிடையாது, மணலும் தேங்கிய கடல்நீரும்தான், வண்டி அதில் இறங்கி ஏறித்தான் போகும். அந்தக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைத் துருவேறாத எஃகுக் கம்பி போட்டுக் கட்டினார்கள். மாமா தன்னால் முடிந்ததைச் செய்தார். தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீர் ஊற்றி அடிப்பாகத்தைக் கழுவுவார், மாதம் ஒருமுறை பழைய எஞ்சின் எண்ணெயில் டீசல் கலந்து அடிப்பார். (அந்த எண்ணெய் ரப்பர் புஷ்களைத் தின்றுவிடும், மண்ணையும் கெடுக்கும், இன்றைக்கு யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி இத்தனை வருடம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.)

சாலை வந்தபின் ஓட்டம் குறைந்து வண்டி கொட்டகைக்குப் போனது. நான் மதுரைக்கு எடுத்துவந்தபோது அடிச்சட்டம் முழுக்கப் பொருக்குப் பொருக்காகத் துரு. கடையில் துருநீக்கி கேட்டேன், கொடுத்தார்கள். பொருக்கின் மேலேயே இரண்டு கை அடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் சிவப்பு முழுவதும் நீலம் பாய்ந்த கறுப்பாகியிருந்தது. அதற்கு மேல் ரெட் ஆக்சைடு (பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர்), அதற்கும் மேல் கறுப்புப் பெயிண்ட். எட்டாவது மாதம் பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. திருப்புளியால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. மேலே தாள் கனத்துக்கு ஒரு கறுப்புத் தோல், கீழே அதே சிவப்புப் பொருக்கு, அதற்கும் கீழே இரும்பே இல்லை. டிங்கர் அண்ணன் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு ணங்கென்றது, சொத்தை விழுந்த இடம் பொத்தென்றது. ஒன்றரை அடி நீளம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தோம்.

பொருக்கை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே பூச வேண்டும் என்று புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. முன்பக்கம் பெரிய எழுத்தில், தமிழில், துருநீக்கி. பின்பக்கத்தை நான் படித்திருக்க வேண்டும், சரி. ஆனால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் புட்டி என்ன சொல்கிறது? ஒரு கலைச்சொல் தவறான வேலையைச் செய்ய வைக்கிறது என்றால் அதைக் கையேட்டில் ஏற்றக் கூடாது.

உள்ளே நடப்பது என்ன என்று பார்த்தால் நல்ல சொல் தானாகவே வரும் என்று நினைக்கிறேன். இந்தத் திரவங்கள் பலவற்றில் முக்கியமானது டானின் அமிலம், கடுக்காயிலும் மரப்பட்டைகளிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள். துருவில் இருக்கும் இரும்போடு அது சேர்ந்தால் நீரில் கரையாத நீலக்கறுப்புச் சேர்மம் கிடைக்கிறது. பல தயாரிப்புகளில் கூடவே ஒரு பிசினும் கலந்திருக்கும், அது காய்ந்து படலமாகிப் பெயிண்டுக்குப் பிடிமானம் தரும். ஆக, துரு எங்கேயும் போகவில்லை. அங்கேயே இருக்கிறது, வேறொன்றாக மாறி இருக்கிறது. இன்னொன்று, இரும்பைப் பளபளவென்று தேய்த்துவிட்டால் டானினுக்கு அங்கே வேலையே இல்லை, கெட்டியாக ஒட்டிய மெல்லிய துரு அதற்கு வேண்டும். மேலே உதிரும் பொருக்கு இருந்தால் அந்த அளவோடு நின்றுவிடும், ஆழத்துக்குப் போகாது.

இது நமக்குப் புது வித்தையும் கிடையாது. கடுக்காயும் அன்னபேதியும் (இரும்புச் சல்பேட்) சேர்த்து மை காய்ச்சினார்கள், அதில் நடந்தது இதே சேர்க்கைதான். கலம்காரியில், அதாவது துணியில் கையால் சித்திரம் வரையும் கலையில், கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டு எடுத்த சாற்றைத் தொட்டுக் கோடு இழுத்தால் கறுப்பு எழும்பும். அதுவும் இதே டானின், இதே இரும்பு. என் அடிச்சட்டத்தில் ஓரிரவில் எழும்பிய கறுப்பைப் பார்த்தபோது எனக்கு இந்த நினைவு வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

> துருமாற்றி சரியான சொல். மின்மாற்றி இருக்கிறதே.

இது நேர்மையான சொல், துருநீக்கியைவிட நூறு மடங்கு மேல். ஆனால் பட்டறையில் நின்று கேட்டுப் பாருங்கள். ஆயில் மாத்தணும், டயர் மாத்தணும், பிளேட்டு மாத்தணும். அங்கே மாற்றுவது என்றால் பழையதைக் கழற்றிப்போட்டுப் புதியதை வைப்பது. துருமாற்றி என்றால் அந்தக் காதில் மறுபடியும் துரு போய்விடும் என்றுதான் விழும். மின்மாற்றியை மின்வாரியத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் மின்சாரத்தைக் கழற்றி வைக்க முடியாது. துருவைச் சுரண்டி எடுக்க முடியும், குழப்பம் அங்கேதான் வருகிறது.

அதனால் தோல் பதனிடுவதிலிருந்து எடுக்கலாம் என்று தோன்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பச்சைத்தோல் அப்படியே விட்டால் அழுகும். ஆவாரம் பட்டை, கடுக்காய்ச் சாற்றில் போட்டால் அதே தோல் அழுகாத பொருளாகிவிடும். அந்தச் சாறுகளில் வேலை செய்வதும் டானின்தான். தோலை யாரும் நீக்கவில்லை, வேறு தோல் வைக்கவும் இல்லை, இருந்த தோலை மேற்கொண்டு கெடாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு, பதனிடுவதற்கு முன் ரோமமும் சதையும் சுரண்டி எடுக்கப்பட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். நமக்கும் அதுதான் வேண்டும், பொருக்கைச் சுரண்டு, பிறகு பதனிடு. வேலையின் வரிசை சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆகவே என் பரிந்துரை: துருப்பதனம். வினையாக, துருவைப் பதனிடு.

முதலில் துருப்பதனி என்றுதான் எழுதினேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் பதனி என்றால் பனையில் இறக்கும் பதநீர். அது வேண்டாம். சாயம் போல அம் ஈற்றிலேயே விட்டால் பொருளுக்கும் செயலுக்கும் இரண்டுக்கும் பொருந்துகிறது. திரவத்தைத் தனியாகச் சுட்ட வேண்டிய இடத்தில் துருப்பதனச் சாறு என்று எழுதலாம்.

> எல்லாப் புட்டியிலும் டானின் இருக்காது. பாஸ்பாரிக் அமிலம் மட்டும் உள்ளவையும் உண்டு. அவற்றுக்குப் பதனம் பொருந்துமா?

வேதியியல் ஆசிரியர் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பாஸ்பாரிக் அமிலம் துருவின் ஒரு பகுதியைக் கரைத்து, மீதியையும் கீழே உள்ள இரும்பின் மேற்பரப்பையும் இரும்பு பாஸ்பேட் படலமாக்குகிறது, சாம்பல் நிறத்தில். அங்கே டானின் இல்லை என்றாலும் இருக்கும் பொருளை நிலைப்படுத்துவது என்ற கருத்து நிற்கிறது. தோலிலும் குரோமியம் உப்பு வைத்துப் பதனிடுகிறார்கள், அதற்கும் பதனிடுதல் என்றுதானே பெயர். தேவைப்பட்டால் டானின் பதனம், பாஸ்பேட் பதனம் என்று பிரிக்கலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர், அங்கே துரு என்று சொல்வதில்லை, கறள் என்றுதான் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். கறள்பதனம் என்று அவர்கள் எழுதினால் அடியோடு பொருந்தும், கையேட்டில் இரண்டையும் கொடுப்போம்.

துருநீக்கியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உண்மையிலேயே துருவை எடுப்பவற்றுக்கு அது இருக்கட்டும். கதவுக் கீல், போல்ட், கொக்கி போன்ற சின்னச் சாமான்களை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறவைத்து எடுக்கிறோமே, அது துருநீக்கி. சலவை சோடா கரைத்த தண்ணீரில் சாமானை எதிர்முனையிலும் ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் மாட்டி 12 வோல்ட் சார்ஜரில் வைப்பதை மின்முறைத் துருநீக்கம் எனலாம். (நேர்முனையில் துருவேறாத எஃகைத் தயவுசெய்து வைக்காதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் வையுங்கள்.)

இத்தோடு இன்னும் இரண்டு சொல்லையும் முடித்துவிடலாம். ஒன்று, உதிரும் துருவுக்குப் பொருக்கு. புண் ஆறும்போதும், காய்ந்த கண்மாயிலும் நாம் சொல்லும் அதே பொருக்கு, புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. இரண்டு, அண்டர்கோட்டிங். அதை அடிப்பூச்சு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், பெயிண்டர்கள் பிரைமரைத்தான் அடிப்பூச்சு என்கிறார்கள். கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது வேலை கெட்டுவிடும். வண்டியின் அடிவயிற்றில் அடிப்பதை வயிற்றுப்பூச்சு என்று வைத்துக்கொள்ளலாமா? டிங்கர் அண்ணனிடம் சொன்னேன், விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, இந்த முறை நான் செய்த வேலையை அவற்றை வைத்தே எழுதுகிறேன். அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரால் நாலு முறை கழுவினேன், உப்பு உள்ளே தங்கினால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே எதைப் பூசினாலும் வீண். பெட்டிபோல் மூடிய பகுதிகளின் வடிகால் துளைகளில் மணல் அடைத்திருந்தது, கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். நன்றாகக் காயவிட்டு, சுத்தியலால் தட்டிப் பொருக்கை உதிர்த்து, கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். கெட்டியாக ஒட்டியிருந்த துருவை மட்டும் விட்டு மெல்லியதாக ஒரு கை துருப்பதனம், ஒரு நாள் விட்டு மறுகை. புதுத் தகடு வைத்த இடத்தில் பதனம் வேண்டாம், துத்தநாக அடிப்பூச்சு. மேலே பெயிண்ட், அதற்கும் மேல் வயிற்றுப்பூச்சு, வடிகால் துளைகளை அடைக்காமல். மூடிய பகுதிகளுக்குள் பதனம் சீராகப் போய்ச் சேராது, அங்கே நீண்ட குழாய் வைத்து உருகிய மெழுகு எண்ணெயைப் பீய்ச்சினேன். அந்த மெழுகுக்கு இன்னும் பெயர் இல்லை, உள்மெழுகு என்று வைக்கலாம் என்பது என் எண்ணம், வேறு இருந்தால் சொல்லுங்கள்.

கையேட்டின் ஏழாம் பக்கம் வரும் ஞாயிறு அச்சுக்குப் போகிறது. துருப்பதனத்துக்கு மறுப்பு இருந்தால் சனிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள். எதுவும் எட்டவில்லை என்றால் ஏழாம் பக்கத்தில் துருப்பதனம், அடைப்புக்குறியில் கறள்பதனம் என்று போடுகிறேன். பொருக்கைச் சுரண்டாமல் பூசாதீர்கள் என்ற வரியை அதற்கு மேலேயே, அதே அளவு எழுத்தில் வைக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து