அப்பாவ கிட்னி ட்ரையல்ல சேக்கச் சொல்றாங்க, சேக்கலாமா வேணாமா?

மூணாறு_தலைப்பு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. நமக்கு நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 61 வயசு, விவசாயம், 14 வருஷமா சுகர். போன வருஷம் நடவு முடிஞ்ச கையோட ரெண்டு காலும் வீங்கிப்போச்சு, சேத்துல நின்னதுதான்னு அவரே முடிவு பண்ணி ஒரு மாசம் ஓட்டிட்டாரு, அப்புறம் தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா யூரின்ல புரதம் போவுது, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு ரத்தத்துல பாக்குற கிரியாட்டினின் 1.7ன்னு சொல்லிட்டாங்க. பிரஷர் மாத்திரை, டாபாக்ளிஃப்ளோசின்னு ஒரு சுகர் மாத்திரை எல்லாம் ஓடிட்டிருக்கு, இப்ப வீக்கம் இல்ல.

போன வாரம் செக்கப் போனப்ப டாக்டர், "புதுசா ஒரு மருந்து ஆராய்ச்சி நடக்குது, உங்க அப்பா அதுக்குப் பொருந்துறாரு, யோசிச்சு சொல்லுங்க"ன்னு ஒரு படிவம் குடுத்தாரு. 16 பக்கம், தமிழ்லதான் இருக்கு, ஆனா அது என்ன தமிழ்னு தெரியல. அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு சத்தமா படிச்சாங்க. "போலி மருந்து"ன்னு ஒரு இடத்துல வந்துச்சு, அங்கயே நிறுத்திட்டு என்னப் பாத்தாங்க. அடுத்த பக்கத்துல "இரட்டைக் குருட்டு முறை". "ஏன்டா, டாக்டருக்கும் கண்ணு தெரியாதாமாடா?"ன்னாங்க. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. இப்ப அம்மா முடிவா சொல்றது, வைத்தீஸ்வரன் கோயில் போயி ஏடு பாத்துட்டுதான் கையெழுத்து, அதுவரைக்கும் பேச்சு இல்ல. சித்தப்பா ஒருபக்கம் "சோதனை எலியா ஆக்கப்போறானுவ"ன்னு ஏத்திவிடுறாரு. அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லல, "எத்தன தடவ போவணும்?"னு ஒரே கேள்விதான். 24 வாரத்துல 9 தடவ. சம்பா அறுப்பு நடுவுல வருது.

இதுல யாருக்காவது அனுபவம் இருக்கா? சேக்கலாமா?

திருவாரூர்_ஆழித்தேர்:

சேக்காதீங்க ப்ரோ. எங்க மாமாவ இப்படித்தான் ஒரு ஊர்ல, பேரு வேணாம், ஹார்ட் மருந்து ஆராய்ச்சின்னு சேத்தாங்க. கையெழுத்து வாங்குனாங்க, அதோட ஒரு காப்பி கூட நம்ம கையில குடுக்கல. மூணு தடவ போயிட்டு வந்தாரு, நாலாவது தடவ போனா அந்த போன் நம்பரு வேல செய்யல, உள்ள கேட்டா அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டுப் போயிருச்சுங்கிறாங்க. கடைசி வரைக்கும் மாமா சாப்பிட்டது மருந்தா வெறும் மாவான்னு எங்களுக்குத் தெரியாது. ஆளு நல்லாத்தான் இருக்காரு, அது வேற விஷயம். ஆனா நம்மள ஒரு மனுஷனா மதிக்கலங்கிற கோவம் இன்னும் இருக்கு.

பழைய_கோஆர்டினேட்டர்:

திருவாரூர் நண்பர் சொன்னது நடக்குற விஷயம்தான், நான் மறுக்கல. நான் ஆறு வருஷம் திருச்சில இந்த வேலதான் பாத்தேன், ட்ரையல் கோஆர்டினேட்டர். பேஷண்டுக்கு போன் போடுறது, டீப் ஃப்ரீசர்ல சாம்பிள் வக்கிறது, மிச்ச மாத்திரைய எண்ணுறது, இதான் பொழப்பு. அதனால கொஞ்சம் உள்ளேந்து சொல்றேன்.

மொதல்ல அந்த ரெண்டு வார்த்த. "போலி"ன்னா கலப்பட மருந்து இல்லம்மான்னு அம்மாட்ட சொல்லுங்க. பாக்க அதே மாத்திரை மாதிரி இருக்கும், உள்ள மருந்து இருக்காது. "குருட்டு"ன்னா யாருக்கு எது போவுதுன்னு பேஷண்டுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சீட்டு குலுக்குற மாதிரி கம்ப்யூட்டர் பிரிச்சு விடும். தெரிஞ்சா என்ன ஆவும்னா டாக்டரே தன்னை அறியாம மருந்து சாப்பிடுறவங்கள நல்லா கவனிப்பாரு, பேஷண்டும் "ஆமாங்கய்யா இப்ப தேவலாம்"னு சொல்லுவாரு. அதத் தவிர்க்கத்தான். ஆனா அவசரம்னா உடனே பிரிச்சுப் பாக்க வழி இருக்கும், அது எப்படின்னு கேட்டு வச்சுக்கோங்க.

இப்ப நீங்க கேக்க வேண்டியது. இப்ப சாப்பிடுற மாத்திரையெல்லாம் அப்படியே இருக்கா, அதுக்கு மேல ஒண்ணு கூடுதா? இல்ல எதையாவது நிறுத்துறாங்களா? நிறுத்துறாங்கன்னா எழுந்து வந்துருங்க. டாபாக்ளிஃப்ளோசின் கிட்னிய காப்பாத்துதுன்னு 4,304 பேர வச்சு 2020லயே காட்டியாச்சு, அப்புறம் இங்க வெலயும் எறங்கிருச்சு, அத விட்டுட்டு எதுக்கு ரிஸ்க்.

அடுத்தது எல்லாரும் கோட்டை விடுற எடம். படிவத்துல "முதன்மை முடிவு"ன்னு ஒரு வரி இருக்கும். அவங்க எதை எண்ணப்போறாங்கன்னு அதுலதான் இருக்கும். யூரின் புரதம் எவ்ளோ கொறையுதுன்னு எண்றாங்களா, இல்ல எத்தன பேரு டயாலிசிஸ்க்கு போறாங்க, எத்தன பேரு சாவுறாங்கன்னு எண்றாங்களா? ரெண்டும் வேற வேற. பார்டாக்ஸலோன்னு ஒரு மருந்து, அப்பா மாதிரியே சுகரால கிட்னி போனவங்க, ஆனா இன்னும் முத்துன ஸ்டேஜு, 2,185 பேரு. ரிப்போர்ட்ல கிட்னி வடிகட்டுற அளவு நல்லா ஏறுச்சு, பாத்தவங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனா அந்தப் பக்கம் இருதயம் சரியா வேல செய்யாம ஆஸ்பத்திரில சேந்தது மருந்து குரூப்ல 96 பேரு, வெறும் மாத்திரை குரூப்ல 55 பேரு. 2012ல பாதியிலயே நிறுத்துனாங்க. பேப்பர்ல நம்பர் ஏறுறதும் ஆளு நல்லா இருக்கிறதும் ஒண்ணு இல்ல.

சட்டம்: 2019 விதிப்படி கையெழுத்துப் போட்ட படிவத்தோட காப்பிய உங்க கையில குடுத்தே ஆவணும். திருவாரூர் நண்பர் மாமாவுக்கு நடந்தது தப்பு. ட்ரையலால ஏதாவது ஆச்சுன்னா இலவச வைத்தியம், அதனால பாதிப்பு வந்தாலோ உயிர் போனாலோ நஷ்டஈடு. எப்ப வேணா வெளிய வரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, அதுக்காக வழக்கமான வைத்தியத்த கொறைக்கக் கூடாது. சிடிஆர்ஐ நம்பர் கேளுங்க, அது இந்தியாவுல நடக்குற ட்ரையல்களோட பதிவேடு, 2009 ஜூன்லேந்து அதுல பதியாம மருந்து ட்ரையல் நடத்த முடியாது, நெட்ல போட்டா யாரு பணம் போடுறாங்க, எத்தன பேரு, எதை எண்றாங்க எல்லாம் வரும். நம்பர் தரத் தயங்குனா அதுவே பதில்.

ஏடு பாக்குற விஷயத்துக்கு ஒரு கதை இருக்கு, அம்மாவுக்கு சொல்லுங்க. 1988ல வந்த ஒரு பெரிய ஹார்ட் அட்டாக் ஆராய்ச்சி, 417 ஆஸ்பத்திரி, 17,187 பேரு, ஆஸ்பிரின் உயிரக் காப்பாத்துதுன்னு அடிச்சு சொல்லுச்சு. அத வெளியிட்ட மருத்துவப் பத்திரிகைக்காரங்க "வயசு வாரியா, ஆம்பள பொம்பள வாரியா பிரிச்சு காட்டுங்க"ன்னு கேட்டப்ப, இப்படி பிரிச்சுக்கிட்டே போனா என்ன கூத்து நடக்கும்னு காட்ட இவங்க ராசி வாரியாவும் பிரிச்சுப் போட்டாங்க. மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஒத்துக்கலன்னு வந்துச்சு! அது வெள்ளக்காரன் பொறந்த தேதி ராசி, நம்ம நட்சத்திர ராசி இல்ல, இருந்தாலும். கூட்டத்த சின்னச் சின்னதா நறுக்குனா தற்செயல் எல்லாம் உண்மை மாதிரி தெரியும். அதே மாதிரிதான் "எங்க மாமா நல்லாத்தான் இருக்காரு"ங்கிறதும், ஒரு ஆள வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

மூணாறு_தலைப்பு:

அண்ணே ரொம்ப நன்றி. நம்பர வாங்கிப் போட்டுப் பாத்தேன். 24 வாரத்துல யூரின் புரதம் எவ்ளோ கொறையுதுன்னுதான் எண்றாங்க. இப்ப சாப்பிடுற எதையும் நிறுத்தல. எங்க அம்மா துலாம். ராசி கதைய சொன்னதும் "அப்ப எனக்கு ஆஸ்பிரின் குடுக்காதீங்கடா"ங்கிறாங்க. நான் எங்க போயி முட்டிக்கிறது.

பழைய_கோஆர்டினேட்டர்:

ஹா ஹா. 24 வாரம்னா டயாலிசிஸ தள்ளிப்போடுமான்னு இதுல தெரியப் போறதில்ல தம்பி, அத நெனச்சு சேக்காதீங்க. இது அடுத்த பெரிய ஆராய்ச்சிக்கு வாசப்படி, அவ்ளோதான். அப்பாவுக்கு நேரடி லாபம்னா அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, ஒழுங்கா கவனிப்பாங்க, அது.

வார்டு_அக்கா:

நான் தஞ்சாவூர்ல ஸ்டாஃப் நர்ஸ், கிட்னி வார்டு. தம்பி, அப்பாட்ட ஒண்ணு கேளுங்க, ஒத்தைல கூப்புட்டு கேளுங்க. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி சாப்பிடுறாரான்னு. நம்ம பக்கம் அறுப்பு, நடவு சீசன் முடிஞ்சு வர்ற ஆளுங்க வேட்டி மடிப்பப் பிரிச்சா ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும், மஞ்ச ஒண்ணு, செவப்பு ஒண்ணு, வெள்ள ஒண்ணு, "இடுப்பு செட்டு"ன்னு கடையில குடுக்குறது. அதுல டைக்ளோஃபெனாக் இருக்கும். ஏற்கனவே அடிவாங்குன கிட்னிக்கு அது நேர் எதிரி. டாக்டர் கேட்டா "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்"ம்பாங்க. ட்ரையல்ல சேந்துட்டு இத மறைச்சா கிரியாட்டினின் ஏறும், புது மருந்தாலன்னு எழுதுவாங்க, அப்பாவுக்கும் கெடுதல், கணக்கும் தப்பு. நாட்டு மருந்து, கஷாயம் இருந்தாலும் சொல்லிரணும். திட்ட மாட்டோம்.

இன்னொண்ணு. நல்லதுன்னு மனசுக்குத் தோணுறதெல்லாம் எண்ணிப் பாத்தா நிக்காது. நான் முன்னாடி ஸ்ட்ரோக் வார்டுல இருந்தேன், வீட்டு ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து, கை கால அசைக்க வச்சு, பேஷண்ட வீட்லயே தேத்தலாம்னு நாங்க நம்புனோம். இந்தியாவுல 14 ஆஸ்பத்திரில 1,250 பேர வச்சு அதையே பாத்தாங்க, 2017ல வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு இறந்தவங்க, அடுத்தவங்க தயவுல இருக்கிறவங்க, ரெண்டு குரூப்லயும் 47 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்ல. எனக்கு இன்னும் மனசு ஒப்பல, இன்னைக்கும் வீட்டுக்குப் போறவங்களுக்கு சொல்லிக் குடுத்துதான் அனுப்புறேன். ஆனா அதான் பதில்.

பாபநாசம்_டிபி:

தம்பி, நான் டிபி பிரிவுல வேல பாத்து ரிட்டயர் ஆனவன். உங்க சித்தப்பா சோதனை எலின்னு சொன்னாராமே, அவருக்கு ஒரு சேதி. ஒரு காலத்துல டிபின்னா சானடோரியத்துல மாசக்கணக்குல படுக்கணும், நல்ல காத்து, முட்டை, பால், ஓய்வு. படுக்கை எங்க இருக்கு? 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சாங்க, ஏழ ஜனங்கள சீட்டுப் போட்டு ரெண்டாப் பிரிச்சு பாதிப்பேர சானடோரியத்துக்கு அனுப்பி, பாதிப்பேர அவங்கவங்க வீட்லயே, அதே நெரிசல்ல, அதே கஞ்சிய குடிச்சுக்கிட்டு ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட வச்சாங்க. 1959ல ரிசல்ட்டு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வீட்ல இருக்கிற புள்ளைங்களுக்கு ஒட்டுறதும் அதனால கூடல. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா வீட்ல இருந்தே மாத்திரை சாப்பிடுற மொறைக்கு மாறுச்சு. நான் சைக்கிள எடுத்துக்கிட்டு திருக்கருகாவூர், மெலட்டூர்னு வீடு வீடா மாத்திரை கொண்டுபோயி குடுத்தேனே, அது அந்த மெட்ராஸ் ஜனங்க போட்ட கையெழுத்து.

ஆனா சேருங்கன்னு நான் சொல்லல. மாத்திரைய விட்டுட்டு ஓடுற ஆளா இருந்தா சேக்கவே கூடாது. பாதியில காணாமப் போறவன் கணக்க கெடுத்துட்டுப் போவான்.

திருவாரூர்_ஆழித்தேர்:

அய்யா சொன்னது சரி. நான் மாமாவுக்கு நடந்தத வச்சுதான் பேசுனேன். இருந்தாலும் காப்பி வாங்காம கையெழுத்து போடாதீங்க, அத மட்டும் திருப்பி சொல்றேன். ட்ரையல அனுமதிக்கிற எத்திக்ஸ் கமிட்டி போன் நம்பரும் அதுல இருக்கணுமாம், ஆஸ்பத்திரி எடுக்கலன்னா அங்க கூப்பிடலாமாம், எங்களுக்கு அப்பவே யாராவது சொல்லிருந்தா.

மூணாறு_தலைப்பு:

அப்டேட். நேத்து அப்பாவ கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல முக்கா மணி நேரம், அத விடுங்க. வார்டு அக்கா சொன்ன பொட்டலம் நெசமாவே இருந்துச்சு, அம்மாவுக்கே தெரியாது, மோட்டார் கொட்டாய்ல ஸ்டார்ட்டர் பொட்டி மேல வச்சிருந்தாரு. டாக்டர்ட்ட நானே எடுத்துக் குடுத்தேன், அவரு திட்டல, முழுசா நிறுத்திட்டு நாலு வாரம் கழிச்சு திருப்பி ரத்தம் பாக்கணும், அதுக்கப்புறம்தான் ட்ரையலுக்கு ஆகுமான்னே சொல்ல முடியும்னுட்டாரு.

தேதி விஷயமும் கேட்டோம். ஒவ்வொரு தடவையும் குறிச்ச நாளுக்கு மூணு நாள் முன்ன பின்ன வரலாமாம், அதுக்கு மேல கூடாது. அப்பா ஒடனே, "அய்யா, கொள்முதல் நெலயத்துல நெல்லக் கொட்டிட்டு வரிசையில காத்துக் கெடந்தா எட்டு நாளும் ஆவும், பத்து நாளும் ஆவும், மழை வந்தா தார்ப்பாய போட்டு மூடணும், மூட்டைய எடை போடாம நான் நகர மாட்டேன்"னாரு. அங்க இருந்த பொண்ணு அத எழுதிக்கிட்டு, ரத்தம் ரீ-டெஸ்ட் முடிஞ்சு சேர்ற தேதிய தள்ளிப்போட்டா அறுப்புல ரெண்டே விசிட்டுதான் வரும்னுச்சு. அந்த நேரத்துல நான் நெல்லுக்குக் காவல் இருந்துக்குறேன்னு பேசி வச்சிருக்கோம். பஸ் காசு தர்றாங்க.

கெளம்புறப்பதான் அப்பா ஒண்ணு கேட்டாரு, 16 பக்கத்தயும் படிச்ச எனக்குத் தோணல. "அய்யா, மாத்திரை நல்லா வேல செஞ்சிருச்சுன்னு வச்சுக்குவோம். ஆராய்ச்சி முடிஞ்சதும் நிறுத்திப்புடுவியளா? மேட்டூர மூடுன மாதிரி?"

டாக்டர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், வேற மருந்தே இல்லாத வியாதின்னா, டாக்டரும் எத்திக்ஸ் கமிட்டியும் சரின்னா தொடர்ந்து இலவசமா குடுக்க விதி இருக்கு, ஆனா இதுக்கு வேற மருந்து இருக்கிறதால அந்த விதி பொருந்துறது கஷ்டம், கம்பெனிட்ட எழுத்துல கேட்டு சொல்றேன்னாரு. அப்பா சரின்னுட்டு படிவத்த மடிச்சு பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. பதில் வந்ததும் போடுறேன்.