எதிரியின் இலக்கிய வடிவத்தையே எடுத்துக்கொண்டது ஏன்?

கேள்வி: கிரேக்க, ரோமக் கடவுள்களை அவ்வளவு திட்டிய ஆதி கிறிஸ்தவர்கள், எழுத உட்கார்ந்ததும் அதே இலக்கிய வடிவங்களைப் பிடித்துக்கொண்டது முரண் இல்லையா?

பதில் 1: படித்த பள்ளிக்கூடமே அதுதானே! கிரேக்கக் கடிதம் 'கைரெய்ன்' என்ற வாழ்த்தோடு தொடங்கும். இயேசுவின் திருத்தூதர் பவுல் தன் கடிதங்களில் அந்த இடத்தில், அதே ஒலிச்சாயலில் 'காரிஸ்', அதாவது கிருபை என்று போட்டு, கூடவே சமாதானத்தையும் சேர்த்துவிட்டார்.

பதில் 2: எனக்குப் பிடித்தது புரோபா. 4ஆம் நூற்றாண்டு ரோமப் பெண்மணி, இயேசுவுக்கு முந்தைய ரோமக் கவிஞர் வர்ஜிலின் வரிகளையே வெட்டி ஒட்டி படைப்பு முதல் இயேசு வரை பாடியவர். வர்ஜிலிடம் இயேசு என்ற பெயர் ஏது? அதனால் பெயர் சொல்லாமலே கதை நகரும். இப்படிப்பட்ட ஒட்டுவேலையைச் சிறுபிள்ளைத்தனம் என்று திருச்சபை அறிஞர் ஜெரோம் கடிந்துகொண்டார். எனக்கென்னவோ அது அசாத்தியத் திறமை.

கேட்டவர்: சரி, அப்புறம் உரையாடல் வடிவம்?

பதில் 1: ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர் மினூசியஸ் பெலிக்ஸ் எழுதியதைப் பாருங்கள். ரோமப் பேச்சாளர் சிசரோவின் உரையாடல் பாணி, ரோமுக்கு அருகே ஓஸ்தியா கடற்கரை, மூன்று நண்பர்கள். பையன்கள் ஓட்டுச்சில்லைத் தண்ணீர்மேல் தத்தவிட்டு விளையாடுவதை வேடிக்கை பார்த்த பிறகுதான் விவாதமே சூடுபிடிக்கிறது.