செங்கோட்டையில் பிள்ளைகள் இல்லம் தொடங்க என்ன செய்யணும்?

கேள்வி: கொல்லம் ரயிலில் இருந்து தனியாக இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அப்பாவின் பழைய வீடு சும்மாதான் கிடக்கிறது, அதில் கொஞ்சப் பேரைத் தங்க வைக்கலாமா?

பதில்: நல்ல மனசு அண்ணாச்சி, ஆனால் பதிவு இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட வைத்துக்கொள்ளாதீங்க, 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி அது குற்றம். தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்ததும் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்க. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் தெரிவிக்கணும், எங்கே தங்க வைப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

பதில்: புனலூர் பக்கம் ஓர் இல்லத்தில் சமைக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் ராத்திரி சப்பாத்தியைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். திட்டாதீங்க, காலையிலும் சாப்பாடு உண்டு என்று நம்பிக்கை வர நாளாகும். அப்புறம், மலையாளம் தெரிந்த ஒரு அக்கா கட்டாயம் வேணும்.

பதில்: தெருவில் நிற்கிற எல்லோரும் அநாதை இல்லை, பலருக்கு வீடு இருக்கு. முதலில் அதைத் தேடணும்.